ரிங்கர் ரோல் சரியாகப் பிழிகிறதா? கிராமில் அளந்து பார்க்கும் முறை

ஈரத்தைப் பிழியும் ரப்பர் உருளைச் சோடியான ரிங்கர் ரோலைத் தாண்டி வரும் ஸ்ட்ரிப்பை, அதாவது நீளமாக ஓடும் இரும்புத் தகட்டை, தொட்டுப் பார்த்து "காய்ஞ்சுதான் வருது" என்று சொல்வதை, தகட்டை ஆசிட்டில் துரு நீக்கிக் கழுவும் எந்த பிக்லிங் லைனிலும் கேட்கலாம். கத்திரி வெயிலில் அது உண்மை மாதிரியே தெரியும். அதே ரோல், அதே காற்றழுத்தம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஸ்ட்ரிப் பளபளவென்று ஈரமாக வரும். ரோல் போய்விட்டது என்று கழற்றிவிடுவார்கள். மீந்த தண்ணீரை மே மாதக் காற்று குடித்துவிட்டது, நவம்பர் காற்று குடிக்கவில்லை, அவ்வளவுதான். சென்னை ஈரப்பதத்தில் கண்ணையும் விரலையும் நம்பி ரோலை எடை போட முடியாது. தராசு வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 கிராம் தண்ணீர் நின்றால் அந்தப் படலத்தின் தடிமன் 1 மைக்ரான். 1200 மி.மீ. அகல ஸ்ட்ரிப் நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடினால் இரண்டு முகமும் சேர்த்து நிமிடத்துக்கு 144 சதுர மீட்டர். முகத்துக்கு 5 மைக்ரான் மீந்தால் மணிக்கு 43 லிட்டர் டிரையருக்குப் போகிறது. அதை ஆவியாக்க மட்டுமே மணிக்கு 27 யூனிட் வெப்பம் வேண்டும். தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. இருந்தால், காய்ந்தபின் சதுர மீட்டருக்கு 2.5 மி.கி. குளோரைடு ஸ்ட்ரிப்பிலேயே தங்கும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் ஏறிய போர் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு இந்தக் கடைசிக் கணக்குதான் முக்கியம், கொடுங்கையூரிலிருந்து ஆர்.ஓ. தண்ணீர் வாங்குகிறவர்களுக்கு யூனிட் கணக்கு.

முதலில் ரோலின் கால்தடம்

ஈரத்தை அளக்கும் முன் நிப்பை, அதாவது இரண்டு ரோலும் அழுந்தி ஒட்டும் இடத்தை, பாருங்கள். லைனை நிறுத்தி லாக்அவுட் (யாரும் தெரியாமல் ஓட்டிவிடாதபடி பூட்டு) போட்டு, ஸ்ட்ரிப் இல்லாத நேரத்தில் இரண்டு ரோலையும் துடைத்துக் காயவிடவும். வெள்ளைத்தாளும் கார்பன் தாளும் சேர்த்து 100 மி.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, ஆபரேட்டர் பக்க முனையிலிருந்து டிரைவ் பக்க முனை வரை ஐந்து இடங்களில் வைக்கவும். வழக்கமான அழுத்தத்தில் ரோலை மூடி, சுழற்றாமல் 10 விநாடி பிடித்துத் திறக்கவும். தாளில் ஒரு பட்டை விழுந்திருக்கும். அதன் அகலத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

உதாரணமாக 22, 18, 14, 18, 21 மி.மீ. என்று வந்தால் ரோல் வளைகிறது. முனைகளில் சிலிண்டர் அழுத்துகிறது, நடுவில் ரோல் விலகி நிற்கிறது. இதற்கு எல்லோரும் செய்வது ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை ஏற்றுவது. ஏற்றினால் ரோல் இன்னும் வளையும், முனை ரப்பர் சீக்கிரம் தேயும். மருந்து கிரவுன் கிரைண்டிங்தான், அதாவது ரோலின் நடு சற்றுப் பருத்திருக்கும்படி கிரைண்ட் செய்வது. ஒரு முனை மட்டும் அகலமாக இருந்தால் ரப்பரைக் குறை சொல்லாமல் இரண்டு சிலிண்டரின் அழுத்தத்தையும், சீல் கசிவையும், பேரிங் பிளாக் சிக்குகிறதா என்பதையும் பாருங்கள். 100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டர் 4 பாரில் ஏறத்தாழ 320 கிலோ விசை கொடுக்கும். ஒரு பக்கம் 1 பார் குறைந்தாலே 80 கிலோ போயிற்று.

கூடவே ஷோர் ஏ மீட்டரால் நீளவாக்கில் ஒன்பது இடத்தில் கடினத்தன்மை பாருங்கள். எண்ணெய் ஊறிய இடம் மென்மையாகியிருக்கும், சூட்டில் முதிர்ந்த இடம் கெட்டியாகியிருக்கும். பிறகு நகத்தால் ரோலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வருடுங்கள். ஸ்ட்ரிப் ஓரம் வெட்டிய பள்ளம் நகத்தில் தட்டும். 1000 மி.மீ. அகலக் காயிலை (சுருட்டிய தகட்டை) நாள்கணக்கில் ஓட்டிவிட்டு 1250 ஏற்றினால், ஓரத்திலிருந்து சற்று உள்ளே இரண்டு ஈரக்கோடு நீளமாக வருவது இதனால்தான். புதிதாகக் கிரைண்ட் செய்த ரோலில் அகலக் காயிலை முதலில் ஓட்டி, குறுகலுக்குப் படிப்படியாக இறங்குவது வழக்கமாக வேண்டும்.

துடைத்து எடை பார்ப்பது

இது கடைசி ரின்ஸ் (தண்ணீரில் கழுவும்) தொட்டிக்குப் பின் உள்ள ரிங்கருக்கு. ஆசிட் ரிங்கரில் செய்யாதீர்கள், அதற்கு வேறு வழி கீழே.

0.01 கிராம் காட்டும் தராசு, ஜிப் லாக் பைகள், பனியன் துணி, 200 × 500 மி.மீ. திறப்புள்ள சட்டம் போதும். திறப்பு 0.1 சதுர மீட்டர், ஆகவே 0.1 கிராம் ஏறினால் 1 மைக்ரான். துணியில்தான் ஆபத்து இருக்கிறது. பருத்தி சும்மா கிடந்தாலே தன் எடையில் 8 சதவீதம் போல ஈரம் வைத்திருக்கும், மழை நாளில் இன்னும் கூடும். 10 கிராம் துணியில் அதுவே 0.8 கிராம், அதில் சிறு மாற்றம் வந்தாலும் அளவு கெட்டுவிடும். எனவே துணியைப் பையிலிட்டு மூடி, பையோடு எடை போட்டு எண் எழுதுங்கள். ஒரு பையைத் துடைக்காமல் அதே நேரம் திறந்து வைத்து மூடி, அதில் ஏறிய எடையை மற்றவற்றிலிருந்து கழியுங்கள்.

ரின்ஸ் ஹீட்டர், டிரையர், ஏர் நைஃப் (தண்ணீரை ஊதித் தள்ளும் காற்றுத் தாரை) எல்லாவற்றையும் அணைத்து, தண்ணீர் ஆறியபின் லைனை வழக்கமான வேகத்தில் ஓட்டி நிறுத்துங்கள். நிப்பை ஒட்டிய இடத்தில் துடைத்தால் ஏமாறுவீர்கள்: அந்தப் பகுதி லைன் மெதுவாகும்போது பிழியப்பட்டது, படலம் மெலிந்திருக்கும். 60 மீட்டர் வேகத்திலிருந்து 5 விநாடியில் நின்றால் ஸ்ட்ரிப் 2.5 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே நிப்பிலிருந்து 3 மீட்டர் தள்ளித் துடைக்க வேண்டும். லாக்அவுட்டுக்குப் பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். அதற்குள் ஆவியாகிற கொஞ்சத்தை ஏற்றுக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் அதே நேரம் ஆகும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ் முகத்தை முதலில் துடையுங்கள், சொட்டுவது அங்கேதான். சட்டத்தை இழுக்காமல் நேராக அமர்த்துங்கள். இரண்டு ஓரம், நடு, இரண்டு முகம்: ஆறு இடம். ஒரே இடத்தில் இரண்டாவது துணியும் போட்டுப் பாருங்கள். முதல் துணி எடுத்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் வந்தால் முதல் துடைப்பு போதவில்லை.

ஆசிட் ரிங்கருக்கு இரும்புக் கணக்கு

கடைசி ஆசிட் தொட்டியிலிருந்து முதல் ரின்ஸ் தொட்டிக்கு எவ்வளவு தாவுகிறது என்பதை இரும்பே சொல்லிவிடும். கண்டக்டிவிட்டி மீட்டர் வேண்டாம், போர் தண்ணீரின் உப்பு அதைக் குழப்பும்.

ரின்ஸ் தொட்டிக்கு வரும் புதுத் தண்ணீரையும், வழிந்தோடும் வால்வையும் மூடுங்கள். சுழற்சி பம்ப் ஓடட்டும். மாதிரி எடுங்கள், 10 நிமிடம் நிலையான வேகத்தில் ஓட்டுங்கள், மறுபடி எடுங்கள். ஆசிட் தொட்டியிலும் ஒரு மாதிரி. இரும்பை டைகுரோமேட்டால் டைட்ரேட் செய்யுங்கள்; குளோரைடு உள்ள கரைசலில் பெர்மாங்கனேட்டை அப்படியே ஊற்றினால் கூட்டிக் காட்டும்.

3000 லிட்டர் தொட்டியில் இரும்பு லிட்டருக்கு 0.50 கிராமிலிருந்து 0.74 ஆனால், வந்தது 720 கிராம். ஆசிட்டில் லிட்டருக்கு 40 கிராம் இருந்தால் தாவியது 18 லிட்டர். 10 நிமிடத்தில் ஓடிய 1440 சதுர மீட்டருக்கு 18 லிட்டர் என்றால் முகத்துக்கு 12.5 மைக்ரான். ஸ்ட்ரிப்போடு வெளியே போகும் இரும்பு இதில் 2 சதவீதம்கூட இல்லை, விட்டுவிடலாம்.

எண் கையில் வந்தபின்

ஒரே வேகத்தில் எடுத்த அளவை நம்பாதீர்கள். மூன்று வேகத்தில் எடுங்கள். ரப்பர் நிப்பில் வேகம் இரு மடங்கானால் படலம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் ஏறும். அழுத்தத்தை இரு மடங்காக்கினால் குறைவது சுமார் 14 சதவீதம்தான். தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால், பாகுத்தன்மை பாதிக்கும் கீழே இறங்குவதால், படலம் 60 சதவீதமாகச் சுருங்கும். ஆகவே ஆறிய தண்ணீரில் எடுத்த எண் லைன் சூடாக ஓடும்போது இருப்பதைவிடப் பெரிது. ரெகுலேட்டர் பக்கம் போகும் முன் ரின்ஸ் சூட்டைப் பாருங்கள்.

வேகத்தோடு படலம் ஏறாமல் எல்லா வேகத்திலும் ஒரேயடியாக மிகுந்திருந்தால் பள்ளமோ வளைவோ உண்டு. கார்பன் தாளுக்குத் திரும்பிப் போங்கள். ஓரம் மட்டும் கனத்திருந்தால் ஸ்ட்ரிப் தடிமன் காரணமாக ஓரத்தில் ரோல் மூடவில்லை. தடித்த ஸ்ட்ரிப்புக்கு இன்னும் மென்மையான ரப்பர் அல்லது நெய்யாத துணி ரோல் பொருந்தும்.

அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கச் சின்ன பட்டறைகளில் தகடு தகடாகப் பிழிகிறவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. 300 × 300 மி.மீ., 1 மி.மீ. தகட்டைக் காயவைத்து எடை போடுங்கள், சுமார் 700 கிராம் இருக்கும். நனைத்து ரோலில் விட்டு, வெளியே வந்ததும் பையில் போட்டு மறுபடி எடை, 0.18 கிராம் கூடினால் முகத்துக்கு 1 மைக்ரான். மேலே ஃபேன் ஓடக்கூடாது. ஐந்து தகட்டின் சராசரியை ரோல் கிரைண்ட் ஆன தேதியோடு சுவரிலேயே எழுதிவையுங்கள்.