டைகட்டானா: கேம் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைகட்டானா என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை கேமின் பெயரைச் சொன்னதுமே பழைய கேம் பிரியர்கள் சிரித்துவிட்டு, 1997-ல் வந்த அந்தச் சிவப்பு விளம்பரத்தைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். கேமைச் செய்த ஜான் ரொமேரோ உங்களை ஒரு வழி பண்ணப் போகிறார் என்பதைக் கெட்ட வார்த்தை போட்டுச் சொன்ன விளம்பரம், கேமைப் பற்றி அதில் ஒரு படம்கூடக் கிடையாது. மானத்தை வாங்கியது அதுதான், சரி. ஆனால் கேமைக் கெடுத்தது அது இல்லை. விளையாடிப் பார்க்க உருப்படியாக ஒரு லெவல்கூட இல்லாத நேரத்தில் தேதியும் எண்ணிக்கையும் வாக்குக் கொடுத்தார்களே, கோளாறு அங்கே தொடங்கியது.

டூம், க்வேக் என்ற புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை கேம்கள் இரண்டையும் செய்த ஐடி சாஃப்ட்வேரைத் தொடங்கியவர்களில் ரொமேரோவும் ஒருவர். 1996-ல் அங்கிருந்து வெளியே வந்து, டாலஸ் நகரில் நண்பர்களோடு அயன் ஸ்டார்ம் கம்பெனியைத் தொடங்கினார். கேம்களை வெளியிடும் ஐடோஸ் கம்பெனி பணம் போட்டது. கதை என்னவென்றால், 2455-ல் ஜப்பானில் இருக்கும் ஹிரோ மியாமோட்டோ, காலத்தைத் தாண்ட வைக்கும் ஒரு வாளைத் தேடிப் புறப்படுகிறான். அங்கிருந்து கி.மு. 1200 கிரேக்கம், கி.பி. 560 நார்வே, கடைசியில் 2030 சான் பிரான்சிஸ்கோ. 1997 மார்ச்சில் போட்ட திட்டத்தில் 24 லெவல்கள், 25 ஆயுதங்கள், 64 எதிரிகள். இதெல்லாம் 7 மாதத்தில் முடிந்து அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்துவிடுமாம்.

காலப் பயணக் கதை எடுக்கிறவர்கள் இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். காகிதத்தில் ஒரே கேம் போலத் தெரியும், வேலையில் அது நாலு கேம். கிரேக்கக் கோயிலுக்கு வரைந்த சுவர் நார்வே பனிக்கு ஆகாது, வருங்கால லேசர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்ப் பழங்காலத்து எலும்புக்கூட்டின் கையில் கொடுக்க முடியாது. காலம் மாறும்போதெல்லாம் ஆயுதம், எதிரி, கட்டடம், சத்தம் எல்லாமே புதிதாகச் செய்தாக வேண்டும். ரொமேரோவின் கணக்கோ வேறு மாதிரி இருந்தது: ஒன்பது பேர் டீம் க்வேக்கை முடித்தது, இங்கே ஆர்ட்டிஸ்ட் மட்டுமே எட்டுப் பேர், அப்புறம் என்ன? க்வேக் டீமில் எஞ்சினை, அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளை, எழுத ஐடியின் ஜான் கார்மாக் இருந்தார் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் வீட்டில் ஆசைக்கு டூம் லெவல் செய்து பழகியவர்கள். திறமைசாலிகள்தான், ஆனால் ஒரு முழு கேமைக் கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்த அனுபவம் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கென்றே சொன்னது மாதிரி இருக்கிறது.

அடுத்தது எஞ்சின். என் கணக்கில் மன்னிக்கவே முடியாத தவறு இதுதான். க்வேக் எஞ்சினில் வேலை ஓடிக்கொண்டிருந்தபோது, 1997 ஜூனில் இ3 என்ற கேம் கண்காட்சியில் ஐடி தன் க்வேக் 2-ஐக் காட்டியது. வண்ண ஒளி, புது எஃபெக்ட்கள். அதன் பக்கத்தில் டைகட்டானா பழசாகத் தெரிந்தது. உடனே எஞ்சினை மாற்றுவதென்று முடிவெடுத்தார் ரொமேரோ, ஆனால் க்வேக் 2 வெளியாகி அதன் நிரல் (கோட்) கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த பிறகு பார்த்தால், இவர்கள் எழுதி வைத்திருந்ததற்கும் அதற்கும் சுத்தமாகப் பொருந்தவில்லை. மாற்றி முடிக்க 1999 ஜனவரி ஆகிவிட்டது, அதற்குள் அன்ரியல், ஹாஃப் லைஃப் என்ற கேம்கள் வந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டுகிறார் என்பதற்காக நம் வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டிப் போடுகிற வேலை இது. வெளியாகும் நாளில் கொஞ்சம் பழசாகத் தெரிவதில் தப்பே இல்லை, இரண்டரை வருடம் தள்ளிப் போனால் எப்படியும் பழசாகத்தான் தெரியும். 1999 இ3-ல் காட்டிய டெமோ நொடிக்கு 12 ஃபிரேம் வேகத்தில் திக்கித் திக்கி ஓடியது.

இதற்கு நடுவே, 1998 நவம்பரில் டீமின் முக்கியமான ஆட்கள் மொத்தமாக ஒரே நாளில் கிளம்பி வேறு கம்பெனிக்குப் போனார்கள். ஆபீஸ் டாலஸில் ஒரு வானளாவிய கட்டடத்தின் உச்சி மாடியில், கண்ணாடிக் கூரையோடு பிரமாதமாக இருந்தது. வெயில் நேராக மானிட்டரில் விழுந்து ஒன்றும் தெரியாததால், ப்ரோக்ராமர்கள் தங்கள் மேசையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஆபீஸ் யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

2000 மே மாதம் ஒருவழியாகக் கேம் வந்தது. ரொமேரோ பெருமையாகச் சொல்லி வந்த புதுமை, கூடவே வரும் இரண்டு துணையாட்கள்: சூப்பர்ஃப்ளை ஜான்சன், மிகிகோ. யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதவில் மாட்டிக்கொள்வார்கள், லிஃப்டில் நசுங்குவார்கள், தேவையில்லாமல் போய்ச் சண்டையில் சாவார்கள். அவர்களில் ஒருவர் செத்தாலும் உங்கள் ஆட்டம் முடிந்தது, அவர்களை விட்டுவிட்டு லெவலைத் தாண்டவும் முடியாது. போதாததற்கு நினைத்த இடத்தில் சேவ் செய்யவும் முடியாது, அதற்கென்று ஒரு ரத்தினக் கல்லைத் தேடி எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆட்டக்காரரின் கையில் இல்லாத தவறுக்கு அவரைத் தண்டித்தால், எவ்வளவு நல்ல கேமாக இருந்தாலும் மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், தொடக்கத்தைத் தாங்க முடியாது. பச்சை இருட்டில் ஒரு சதுப்பு நிலம், காலடியில் கண்ணுக்கே தெரியாத இயந்திரத் தவளைகள், காதுக்குள் ரீங்காரமிடும் இயந்திரக் கொசுக்கள். கையில் கிடைக்கும் முதல் நல்ல துப்பாக்கியின் குண்டு சுவரில் பட்டுத் திரும்பி வந்து உங்களையே சுடும். பின்னால் வரும் கிரேக்கப் பகுதி எவ்வளவோ தேவலை, ஆனால் அதுவரை யார் இருந்தார்கள்? நாலு காலம் இருக்கிற கேமில் நன்றாக வந்த காலத்தை முதலில் வைக்காமல் போனதற்கு எந்த அவசரமும் காரணம் இல்லை.

இத்தனைக்கும் அதே அயன் ஸ்டார்ம், அதே ஐடோஸ் பணம், ஒரு மாதம் கழித்து டியூஸ் எக்ஸ் என்ற கேம் வந்தது. ஆஸ்டின் கிளையில் வாரன் ஸ்பெக்டர் டீம் செய்தது. அவர்களும் அளவுக்கு மீறித் திட்டம் போட்டவர்கள்தான், ஆனால் அன்ரியல் எஞ்சினைப் பிடித்தவர்கள் கடைசிவரை விடவில்லை, சரிவராது என்று தெரிந்தபோது வெள்ளை மாளிகை லெவலையே வெட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கேமைக் கொண்டாடுகிறார்கள். டாலஸ் ஆபீஸை 2001-ல் மூடிவிட்டார்கள்.

அந்த விளம்பரத்துக்காக ரொமேரோ 2010-ல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். டைகட்டானாவை இப்போது விளையாடிப் பார்க்கும் ஆசை வந்தால், ரசிகர்கள் பல வருடம் உட்கார்ந்து செய்த 1.3 பேட்ச் என்ற திருத்தத் தொகுப்பைப் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். சூப்பர்ஃப்ளையும் மிகிகோவும் இல்லாமலே விளையாட அதில் வழி வைத்திருக்கிறார்கள்.