காமாக்கதிர் வெடிப்பின் பின்னொளிர்வை 25 செ.மீ. தொலைநோக்கியால் பிடிப்பது எப்படி

காமாக்கதிர் வெடிப்பு என்பது தொலைதூர விண்வெளியில் சிறிது நேரமே பீறிடும் காமாக்கதிர்ப் பொழிவு. காமாக்கதிரை வளிமண்டலம் விழுங்கிவிடும். அது தரைக்கு வராது. எனவே வெடிப்பைக் கண்டுபிடிப்பது செயற்கைக்கோள்களின் வேலை. தரையில் இருப்பவரின் வேலை, வெடிப்பிலிருந்து பீறிட்ட பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது எழும் பின்னொளிர்வைப் பிடித்து, அது மங்கும் வேகத்தை அளப்பது. 20 முதல் 30 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியும் குளிரூட்டிய சிமாஸ் கேமராவும் இதற்குப் போதும். கருவியைவிட முன்தயாரிப்புதான் முக்கியம், ஏனென்றால் இங்கே நேரம் மடக்கை அளவில் ஓடுகிறது.

பின்னொளிர்வின் ஒளி ஏறத்தாழ நேரத்தின் தலைகீழாகக் குறையும். நேரம் பத்து மடங்கானால் பொலிவெண் (விண்பொருளின் பிரகாசத்தைக் குறிக்கும் எண்; எண் கூடினால் மங்கல்) 2.5 கூடும். 2-ஆம் நிமிடத்தில் 15 ஆக இருப்பது 20-ஆம் நிமிடத்தில் 17.5, 200-ஆம் நிமிடத்தில் 20. இருட்டான இடத்தில் 25 செ.மீ. கருவி வடிகட்டி இல்லாமல் ஒரு நிமிடப் படத்தில் 17.5 அல்லது 18 வரை காட்டும். பல படங்களை அடுக்கினால் 19-ஐத் தாண்டலாம். ஆக, இலக்கு உங்கள் எட்டில் இருப்பது முதல் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். தொடக்கத்தில் தவறவிடும் ஐந்து நிமிடம், பின்னால் கண்விழிக்கும் மூன்று மணி நேரத்தைவிட விலை அதிகம்.

அறிவிப்பைப் பெறுதல்

வெடிப்பைப் பிடித்ததும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் அறிவிப்புகள் எல்லாம், இத்தகைய செய்திகளைப் பகிரும் நாசாவின் ஜிசிஎன் வலையமைப்பு வழியாக வருகின்றன. தளத்தில் கணக்குத் தொடங்கி, அடையாள எண்ணும் ரகசியச் சாவியும் பெற்று, ஒரு சிறு பைதான் நிரலால் காஃப்கா ஓடையை (அறிவிப்புகள் உடனுக்குடன் வரும் தரவு ஓடை) கேட்கலாம். மின்னஞ்சலும் வரும், ஆனால் மின்னஞ்சலை நம்பித் தொலைநோக்கியைத் திருப்புவது சரிவராது. நிரல் அறிவிப்பைப் படித்து, இலக்கு உங்கள் அடிவானத்துக்கு மேல் 25 பாகைக்குக் கூடுதலாக இருக்கிறதா, சூரியன் போதுமான அளவு தாழ்ந்திருக்கிறதா என்று கணக்கிட்டு, இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் மணி அடிக்கட்டும். இந்தச் சல்லடை இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் மணியை அணைத்துவிடுவீர்கள்.

எந்த அறிவிப்புக்கு ஓடுவது என்பதை அதன் பிழை வட்டம் (வெடிப்பு இருக்கக்கூடிய வானப் பகுதி) சொல்லும். 2004-இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் பாட் கருவி வெடிப்பு தொடங்கிச் சில பத்து விநாடிகளில் சுமார் 3 கலை பிழையோடு இடத்தைத் தரும் (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). செயற்கைக்கோள் திரும்பியதும் அதன் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி 5 விகலைக்குள் சுருக்கிவிடும். சிறு தொலைநோக்கிக்கு இதுவே உகந்தது. 2024 ஜனவரியில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் புரோப், அதே ஆண்டு ஜூனில் ஏவப்பட்ட எஸ்விஓஎம் ஆகிய செயற்கைக்கோள்களின் அறிவிப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் பிழை வட்டங்களும் அரை பாகைப் படத்துக்குள் அடங்கும். ஸ்விஃப்டின் சுற்றுப்பாதை தாழ்ந்துகொண்டே வருவதால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ஃபெர்மி செயற்கைக்கோளின் ஜிபிஎம் கருவி ஆண்டுக்கு 240 வெடிப்புகள் வரை பிடிக்கிறது. ஆனால் இடம் பல பாகைகள் தவறலாம். அரை பாகைப் படம் எடுக்கும் கருவியோடு அதன் பின்னால் ஓடுவது வீண். ஜிபிஎம் அறிவிப்பை நேரத்துக்காக மட்டும் பதிவு செய்து வையுங்கள். அது ஏன் என்பது கீழே வரும்.

அறிவிப்பில் இடம் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்: 2000-ஆம் ஆண்டின் ஆயங்கள் (வானில் இடத்தைக் குறிக்கும் எண்கள்), இன்றைய ஆயங்கள், 1950-இன் ஆயங்கள். புவி அச்சின் அசைவால் 25 ஆண்டில் வேறுபாடு சுமார் 20 கலை வரை வரும். நிரல் தவறான வரியைப் படித்தால், அரை பாகைப் படத்தில் இலக்கு ஓரத்துக்குப் போகும், அல்லது வெளியே விழும். பழைய அறிவிப்புகளைக் கொடுத்து இதை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள். ஸ்விஃப்ட் ஆண்டுக்குச் சுமார் 90 வெடிப்புகளைப் பிடித்துவந்தது. இருள் நேரம் நாளில் ஐந்தில் இரண்டு பங்கு, 25 பாகைக்கு மேலுள்ள வானம் முழுக்கோளத்தில் பத்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. பெருக்கினால் ஓர் இடத்துக்கு ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு. மேகமும் மழையும் கழித்தால் இன்னும் குறையும். அவற்றிலும் 18-ஐவிடப் பிரகாசமானவை சிலவே. 1999 ஜனவரி 23 வெடிப்பு 9-ஆம் பொலிவெண்ணையும், 2008 மார்ச் 19 வெடிப்பு வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடிய 5.3-ஐயும் எட்டின. இரண்டும் முதல் ஓரிரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்த கதை.

கருவியை ஆயத்த நிலையில் வைத்தல்

படப்பரப்பு 30 கலை முதல் ஒரு பாகை வரை, ஒரு பிக்சலுக்கு 1 முதல் 2 விகலை. கேமராவின் வெப்பநிலையை ஆண்டு முழுக்க எட்டக்கூடிய ஒரே எண்ணில் நிறுத்துங்கள். பெரும்பாலான குளிரூட்டிகள் சுற்றுவெப்பத்தைவிட 35 பாகை அளவே இறக்கும். கோடை இரவில் 30 பாகை இருக்கும் ஊரில் −10-ஐக் கேட்டால் குளிரூட்டி முழு ஓட்டத்தில் திணறி வெப்பநிலை அலைபாயும், இருள்படங்கள் (மூடியிட்டு எடுத்து, கேமராவின் இரைச்சலைக் கழிக்க உதவுபவை) பொருந்தாமல் போகும். −5 அல்லது 0 போதும். கடலோர ஊர்களில் பனி நீர் படியாமலிருக்க வெப்பப்பட்டை கட்டாயம்.

குவியத்தை அறிவிப்பு வந்தபின் சரிசெய்ய நேரமில்லை. வெப்பநிலைக்கு ஏற்ற குவிய எண்களை அட்டவணையாக முன்பே எழுதி வையுங்கள். வழிகாட்டும் கேமராவையும் முதல் பத்து நிமிடத்துக்கு மறந்துவிடுங்கள். வழிகாட்டு விண்மீன் தேடும் நேரத்தில் நான்கு நல்ல படங்கள் எடுத்துவிடலாம். திருப்பியதும் ஒரு 5 விநாடிப் படம் எடுத்து, விண்மீன் அமைப்பை வைத்து இடத்தை உறுதிசெய்து, தேவையானால் ஒரு முறை திருத்தி, உடனே தொடங்குங்கள். ஜெர்மன் வகைத் தாங்கியானால் (உச்சிக்கோட்டைக் கடக்கும்போது மறுபக்கம் புரட்ட வேண்டியது) இலக்கு உச்சிக்கோட்டுக்குக் கிழக்கே அரை மணிக்குள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலிலேயே மறுபக்கத்துக்குப் புரட்டிவிடுவது நல்லது.

கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு அல்லது ஜிபிஎஸ்ஸோடு ஒத்திசைத்து வையுங்கள். ஃபிட்ஸ் என்ற வானியல் படக் கோப்பின் தலைப்பில் பெரும்பாலும் இருப்பது படம் தொடங்கிய நேரம். உங்களுக்கு வேண்டியது நடுநேரம், அதுவும் உலக நேரத்தில். இந்திய நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழிக்க வேண்டும்.

படமெடுக்கும் வரிசை

முதலில் 10 விநாடிப் படங்கள் பத்து, பிறகு 30 விநாடிப் படங்கள் பத்து, அதன்பின் 60 விநாடிப் படங்கள் தொடர்ந்து. இலக்கு மங்க மங்க, அடுக்கும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 16 படங்களை அடுக்கினால் 1.5 பொலிவெண் ஆழம் கிடைக்கும். ஐந்தாறு படத்துக்கு ஒரு முறை தொலைநோக்கியைச் சில விகலை நகர்த்துங்கள். இல்லாவிட்டால் சூடான பிக்சல்கள் அடுக்கிய படத்தில் ஒரு புதிய விண்மீனைப் போலவே நிற்கும்.

வடிகட்டி வேண்டுமா? முதல் பத்து நிமிடம் வேண்டாம். கிடைக்கிற ஒளியெல்லாம் சேரட்டும். இலக்கு தெரிந்துவிட்டால், போதுமான பிரகாசமும் இருந்தால், சிவப்புக்கு மாறுங்கள். பின்னொளிர்வுகள் பொதுவாகச் சிவப்புப் பக்கம் சாய்ந்தவை. நீல வடிகட்டியில் இந்த அளவு கருவி ஏமாற்றத்தையே தரும்.

கண்டது உண்மைதானா?

அடுக்கிய படத்தைப் பான்-ஸ்டார்ஸ் அல்லது டிஎஸ்எஸ் வானக் கணக்கெடுப்பின் சிவப்புப் படத்தோடு ஒப்பிடுங்கள். பிழை வட்டத்துக்குள் அங்கே இல்லாத ஒளிப்புள்ளி இருந்தால் அது வேட்பாளர் மட்டுமே. சிறுகோளாக இருக்கலாம்: சிறுகோள் மையத்தின் தளத்தில் இடத்தையும் நேரத்தையும் கொடுத்துத் தேடுங்கள். ஒரே படத்தில் மட்டும் தெரிந்தால் காஸ்மிக் கதிரோ செயற்கைக்கோள் மினுக்கலோ இருக்கலாம். அங்கேயே உள்ள மங்கலான விண்மீனை உங்கள் வடிகட்டியற்ற கேமரா கூடுதலாகக் காட்டுவதும் உண்டு.

தீர்ப்புச் சொல்வது மங்கல்தான். படத்திலுள்ள அதே ஒப்பீட்டு விண்மீன்களை வைத்து எல்லாப் படங்களையும் அளந்தால் மெல்லிய மேகத்தின் விளைவு கழிந்துபோகும். எடுத்துக்காட்டாக 12-ஆம் நிமிடத்தில் 16.9, 48-ஆம் நிமிடத்தில் 18.4 என்றால் வேறுபாடு 1.5. நேர விகிதம் 4, அதன் மடக்கை 0.602. 1.5-ஐ 2.5 × 0.602-ஆல் வகுத்தால் சரிவு எண் (மங்கும் வேகத்தின் அளவு) 1.0. இது பின்னொளிர்வுக்கு இயல்பான எண். முதல் ஓரிரு நிமிடத்தில் ஏறுவதோ தட்டையாக இருப்பதோ தவறல்ல. மோதலலை அப்போதுதான் வலுப்பெறுகிறது.

அடுக்கிய படத்தின் நேரத்தில் பலர் சறுக்குகிறார்கள். 10-ஆம் நிமிடம் முதல் 40-ஆம் நிமிடம் வரை அடுக்கினால் நடுநேரம் 25 என்று எழுதத் தோன்றும். ஒளி தலைகீழ் விகிதத்தில் குறைவதால் உண்மையான பயனுறு நேரம் 21.6 நிமிடம். 25 என்று எழுதினால் வரைபடத்தில் சுமார் 0.16 பொலிவெண் பிழை வரும்.

தொடக்க நேரம்: 2022 அக்டோபர் 9

பதிவானவற்றில் மிகப் பிரகாசமான இந்த வெடிப்பு, ஜிஆர்பி 221009ஏ, நேரக் கணக்குக்கு நல்ல பாடம். ஃபெர்மி அதை உலக நேரம் 13:16:59-க்குப் பிடித்தது. ஸ்விஃப்டின் அறிவிப்பு எழுந்தது 14:10:17-க்கு, அதாவது 53 நிமிடம் கழித்து, பின்னொளிர்வைப் பார்த்துத்தான். பால்வீதித் தளத்திலிருந்து 4 பாகையே விலகிய சஜிட்டா விண்மீன் கூட்டத்தில் இருந்ததால், முதலில் நம் விண்மீன் மண்டலத்துப் பொருள் என்று எண்ணி ஸ்விஃப்ட் ஜே1913.1+1946 என்று பெயரிட்டார்கள். சென்னையில் அப்போது இரவு 7:40. இலக்கு உச்சிக்கோட்டைத் தாண்டி மேற்கே, 65 பாகைக்கு மேல் உயரத்தில். கிழக்கே முழுநிலவு.

ஸ்விஃப்டின் நேரத்தைத் தொடக்கமாக வைத்து 30-ஆம் நிமிடத்திலும் 120-ஆம் நிமிடத்திலும் அளந்ததாக வையுங்கள். உங்கள் கணக்கில் நேர விகிதம் 4. உண்மையில் அவை 83-ஆம், 173-ஆம் நிமிடங்கள்; விகிதம் 2.08 மட்டுமே. சரிவு எண் 1 ஆக இருக்கும் வெடிப்புக்கு உங்களுக்கு 0.53 கிடைக்கும். இதைப் பார்த்துவிட்டு 'விநோதமாக மெதுவாக மங்குகிறது' என்று அறிக்கை எழுதக்கூடாது. ஜிபிஎம் நேரங்களைப் பதிவு செய்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அந்தத் திசையில் பால்வீதித் தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 4 பொலிவெண்ணை விழுங்கியது. ஆகவே அறிக்கையில் தூசுத் திருத்தம் செய்தீர்களா இல்லையா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தெரியாவிட்டால்

வட்டத்துக்குள் எதுவும் இல்லையென்றாலும் வேலை வீணல்ல. இத்தனை நிமிடத்தில் இந்தப் பொலிவெண் வரை எதுவும் இல்லை என்ற எல்லையும் ஓர் அளவீடு. தூசு மறைத்திருக்கலாம். மிகத் தொலைவிலும் இருக்கலாம்: 2009 ஏப்ரல் 23 வெடிப்பின் செம்பெயர்ச்சி (தொலைவு கூடக் கூட ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 8.2, அதன் ஒளியை இடையிலுள்ள ஹைட்ரஜன் 11,000 ஆங்ஸ்ட்ராம் வரை வெட்டிவிட்டதால் எந்த ஒளியியல் கருவிக்கும் அது தெரிந்திருக்காது. 2 விநாடிக்குக் குறைவான குறுவெடிப்புகளும் பெரும்பாலும் மங்கலானவை.

முடிவை ஜிசிஎன் சுற்றறிக்கையாக அனுப்ப, ஏற்கெனவே அனுப்பும் உரிமையுள்ள ஒருவரின் பரிந்துரை வேண்டும். அதை வெடிப்பு நடக்கும் இரவுக்கு முன்பே வாங்கி வையுங்கள். அறிக்கையில் கருவி, இடம், தொடக்கத்திலிருந்து கடந்த நேரம், மொத்தப் படநேரம், வடிகட்டி, பொலிவெண், பிழை, ஒப்பீட்டுப் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். பட்டியல் வேகா முறையா ஏபி முறையா (பொலிவெண்ணின் சுழியத்தை வேறுவேறாக வைக்கும் இரு முறைகள்) என்பதும் முக்கியம். சிவப்பில் இரண்டுக்கும் 0.2 வேறுபாடு.

தொலைநோக்கி இல்லாதவருக்கு

மிகப் பெரிய வெடிப்புகள் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியை ஒரு கணம் மாற்றிவிடும். மிகத் தாழ் அதிர்வெண் வானொலியின் வலிமை சட்டென்று அசையும். 221009ஏ-வின் போது இது பல அலைவாங்கிகளில் பதிவானது. வெடிப்பு நேர் உச்சியில் இருந்த புள்ளி மும்பைக்கு மேற்கே அரபிக் கடற்பகுதியில்.

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் நிலையம் 18.2 கிலோஹெர்ட்சில் ஒலிபரப்புகிறது. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தில் இன்சுலேட்டட் கம்பியை 30 சுற்றுச் சுற்றி, சிறு பெருக்கி வழியாக 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி அட்டையில் கொடுத்தால் இந்த அலையைப் பதிவு செய்யலாம். சட்டத்தின் தளம் நிலையத்தின் திசையை நோக்கி இருக்க வேண்டும். நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தரைவழி அலையே மேலோங்கி, அயனி மண்டலத்தின் மாற்றம் தெரியாது. அப்படிப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப் நிலையத்தை 19.8 கிலோஹெர்ட்சில் எடுக்கலாம். எல்இடி விளக்கின் மின்சுற்றும் வீட்டு இன்வெர்ட்டரும் இந்த அலைவரிசையைக் குப்பையாக்கும், எனவே சட்டத்தை மொட்டைமாடியில் வையுங்கள். அந்தி நேரத்தில் குறிகை தானாகவே ஏறி இறங்கும். முந்தைய மூன்று நான்கு நாட்களின் அதே நேரப் பதிவை மேலே வைத்துப் பார்க்காமல் எந்த அசைவையும் வெடிப்பின் கணக்கில் எழுத வேண்டாம்.