கியூஜிஐஎஸ் புராஜெக்டை அனுப்பும்போது லேயர்கள் காணாமல் போகாமல் இருக்க

கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மழைக்கு எந்தெந்த வடிகான் நிரம்பி வழிகிறது என்று நானும் நண்பர்கள் சிலரும் வரைபடம் போட்டு வருகிறோம். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் இலவசம் என்பதால் ஆளுக்கொரு மடிக்கணினியில் போட்டுக்கொண்டோம். முதல் வார வேலையைத் தோழி ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் திறந்தால் ஒரு கோடுகூட இல்லை. இன்னின்ன லேயர்களைக் (வரைபடத்தின் அடுக்குகளைக்) காணவில்லை என்று ஒரு பட்டியல் மட்டும் வந்து நின்றது.

நான் அனுப்பிய கோப்புக்குள் வரைபடமே கிடையாது. கியூஜிஇசட் என்று முடியும் புராஜெக்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப். விரித்தால் உள்ளே கியூஜிஎஸ் என்று முடியும் கோப்பு இருக்கும். அதை நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். எந்த லேயர் எந்த இடத்தில் கிடக்கிறது, என்ன நிறம், எது மேலே எது கீழே என்பவைதான் அதில் எழுதியிருக்கும். என்னுடையதில் பாதை சி டிரைவில் தொடங்கி, என் பெயர் வழியாக, டவுன்லோட்ஸ் வரை போனது. தோழியின் கணினியில் அப்படி ஓர் இடம் எப்படி இருக்கும்?

சரி, முதலிலிருந்து செய்வோம்.

படி 1. வேலைக்கென்று ஒரே ஃபோல்டர் திறவுங்கள். புராஜெக்ட் கோப்பும் தரவும் படங்களும் அதற்குள்ளேயே இருக்கட்டும். டெஸ்க்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று சிதற விடாதீர்கள்.

படி 2. புராஜெக்ட் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஜெனரல். அங்கே ‘சேவ் பாத்ஸ்’ என்பது ‘ரிலேட்டிவ்’ ஆக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஃபோல்டர் எங்கே போனாலும் பாதை அதன் கூடவே போகும்.

படி 3. தரவை ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகைக்கு மாற்றுங்கள். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் முக்கியமான படி. பழைய வகையான ஷேப்ஃபைல் ஒரே கோப்பு அல்ல. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் என்று குறைந்தது மூன்று. ஒன்று விடுபட்டாலும் சிக்கல். தரவு அட்டவணையின் நெடுவரிசைப் பெயருக்கு அதில் 10 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும், விசிறியும் புள்ளியும் உட்பட, யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். ‘வடிகான்’ என்று பெயர் வைத்தால் ‘வடி’ வரைக்கும்தான் இடமிருக்கும். ஜியோபேக்கேஜில் இந்தத் தொல்லை இல்லை. எல்லா லேயர்களும் ஒரே கோப்பில் அடங்கும், தமிழும் அப்படியே நிற்கும். ப்ராசஸிங் டூல்பாக்ஸில் ‘பேக்கேஜ் லேயர்ஸ்’ என்று தேடி, வேண்டிய லேயர்களைத் தெரிவு செய்து, ஸ்டைலையும் சேமிக்கும் பெட்டியில் டிக் போட்டு ஓட்டுங்கள். பிறகு புதிய கோப்பிலிருந்து லேயர்களைச் சேர்த்து, பழையவற்றை நீக்கிவிடுங்கள். வான்படம் போன்ற ராஸ்டர் படங்களை இந்தக் கருவி எடுத்துக்கொள்ளாது. அவற்றை நீங்களே ஃபோல்டருக்குள் வையுங்கள்.

படி 4. ஆள்கூற்று முறையை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறையை, எல்லோரும் ஒன்றாகப் பேசி முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஈபிஎஸ்ஜி என்ற எண் உண்டு. கைபேசி ஜிபிஎஸ் தருவது 4326. இலங்கையின் எஸ்எல்டி99 கட்டம் 5235, பழைய கட்டம் 5234. வெள்ளவத்தைக்குக் கிழக்கு அளவு மீட்டரில் ஏறக்குறைய 3,99,000 என்று வந்தால் அது 5235. ஏறக்குறைய 99,000 என்று வந்தால் பழையது. பழைய எண்களுக்குப் புதிய முறையைக் கொடுத்துவிட்டால், தெற்கே 300 கி.மீ., மேற்கே 300 கி.மீ. தள்ளி உங்கள் வடிகான் இந்து சமுத்திரத்தில் போய் விழும்.

படி 5. கியூஜிஐஎஸை மூடிய பிறகே ஃபோல்டரை ஜிப் செய்யுங்கள். திறந்திருக்கும்போது ஜியோபேக்கேஜ் பக்கத்தில் ‘வால்’ (-wal), ‘எஸ்எச்எம்’ (-shm) என்று முடியும் இரண்டு துணைக் கோப்புகள் தோன்றும். கடைசியாகச் செய்த மாற்றங்கள் சில வேளை அந்த ‘வால்’ கோப்பில்தான் இருக்கும். பிரதான கோப்பை மட்டும் பிரதி எடுத்தால் அவை போய்விடும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. அசல் ஃபோல்டரின் பெயரைக் கொஞ்ச நேரத்துக்கு மாற்றிவிட்டு, ஜிப்பை வேறோர் இடத்தில் விரித்துத் திறந்து பாருங்கள். லேயர்கள் எல்லாம் வந்தால் அனுப்பலாம். இரண்டு நிமிட வேலைதான், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒருவர் முடித்து அடுத்தவருக்குக் கொடுக்கும் வேலைக்கு இந்த ஜிப் போதும். ஒரே நேரத்தில் பலர் திருத்தும் ஜியோபேக்கேஜை கூகுள் டிரைவில் வைத்துப் பகிர வேண்டாம் என்பேன். டிரைவ் முழுக் கோப்பையும்தான் பார்க்கும். ஒருவருடைய பதிப்பு மற்றவருடையதை மூடிவிடும். அதற்கென்றே கியூஃபீல்ட்கிளவுட், மெர்ஜின் மேப்ஸ் என்ற இரண்டு சேவைகள் இருக்கின்றன. ஒருவர் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையிலும் இன்னொருவர் இராமகிருஷ்ண வீதியிலும் கைபேசியில் குறித்துக்கொண்டு வந்தாலும், அவை புள்ளி புள்ளியாக மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும். நாங்கள் வெளியில் போகும் நாட்களில் கைபேசிச் செயலியான கியூஃபீல்ட். வீட்டில் இருந்து செய்வதற்கு இன்னமும் அந்த ஜிப்தான்.