ஊருக்குப் போகும் டிக்கெட்டை மைலில் எடுக்க: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நீங்கள் வந்த விமானத்தின் போர்டிங் பாஸ் இன்னும் கைப்பையில் கிடக்கிறதா? எறிந்துவிடாதீர்கள். சென்னையிலிருந்து ஃப்ராங்ஃபர்ட் வழியாகவோ தோஹா வழியாகவோ வந்த அந்த ஒரு பயணத்துக்கே உங்கள் பெயரில் ஆயிரக்கணக்கில் மைல் ஏற வேண்டும். மைல் என்பது பறந்ததற்காக விமான நிறுவனம் உங்கள் கணக்கில் ஏற்றும் வெகுமதி, சேர்த்து வைத்தால் அதைக் கொடுத்தே டிக்கெட் எடுக்கலாம். வந்து இறங்கிய பிறகு அந்த நிறுவனத்தின் மைல் திட்டத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால்கூட, முன்பு பறந்ததைச் சில திட்டங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கெடு மட்டும் குறைவு, சிலவற்றில் ஒரு மாதம்தான். வீடு பார்ப்பது, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (இங்கே வேலைக்கும் வங்கிக்கும் கேட்கும் அரசு எண்) வாங்குவது என்று அலைகிற இந்த முதல் வாரங்களிலேயே அரை மணி நேரம் ஒதுக்கி இதை முடித்துவிடுங்கள். டிக்கெட்டில் உள்ள 13 இலக்க எண்ணைக் கேட்பார்கள், அதையும் படம் எடுத்து வையுங்கள்.

நாங்கள் இதைச் செய்யவில்லை. சொல்லித்தர யாரும் இல்லை. நாலு பேர் குடும்பமாக மூன்று முறை சென்னை போய் வந்தோம், ஒரு மைல்கூட ஏறவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர் விஷயம். நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் பலருக்கு குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும். டிக்கெட் எடுக்கும்போது ஒருவர் அப்பா பெயரைக் கடைசியில் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு தடவை போடுவார். மைல் கணக்கில் வேறு மாதிரி இருக்கும். ‘குமரன் சண்முகம்’ என்று கணக்கு, ‘சண்முகம் குமரன்’ என்று டிக்கெட் இருந்தால் கணினிக்கு அது வேறு ஆள். என் கணவருக்கு இப்படித்தான் ஒரு நிறுவனம் மைல் தர மறுத்தது. பாஸ்போர்ட் நகல் அனுப்பி, இரண்டு மாதம் எழுதிக்கொண்டே இருந்த பிறகுதான் ஏறியது. ஆகவே பாஸ்போர்ட்டை எதிரே வைத்துக்கொண்டு, டிக்கெட்டில் எப்படிப் பெயர் வருமோ அப்படியே எல்லாக் கணக்குகளையும் திறங்கள். பிள்ளைகளுக்கும் தனித்தனியாகத் திறங்கள். மடியில் வரும் கைக்குழந்தைக்கு மைல் கிடையாது, இருக்கை வாங்கிய குழந்தைக்கு உண்டு. யுனைடெட், ஏர் கனடா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்றவற்றில் குடும்பத்தின் மைல்களை ஒன்றாகச் சேர்த்தும் வைக்கலாம்.

அப்புறம், எந்தக் கணக்கில் சேர்ப்பது? பறக்கிற ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கும், எதிலும் ஒரு டிக்கெட்டுக்குத் தேறாது. விமான நிறுவனங்கள் கூட்டணிகளாகப் பிரிந்திருப்பதைத் தெரிந்துகொண்டால் இது எளிது. ஸ்டார் அலையன்ஸில் யுனைடெட், லுஃப்தான்சா, ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் கனடா எல்லாம் இருக்கின்றன. ஒன்வேர்ல்டில் அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஸ்ரீலங்கன். ஸ்கைடீமில் டெல்டா, ஏர் ஃபிரான்ஸ், கே.எல்.எம். லுஃப்தான்சாவில் பறந்த மைலை யுனைடெட் கணக்கில் போடலாம், கத்தாரில் பறந்ததை அமெரிக்கன் கணக்கில் போடலாம். நம் ஊர்க்காரர்களுக்கு முதல் இரண்டு கூட்டணிகளில் ஆளுக்கு ஒரு கணக்கு இருந்தால் போதும் என்பது என் கருத்து. எமிரேட்ஸும் எதிஹாட்டும் எந்தக் கூட்டணியிலும் இல்லை. வருடா வருடம் துபாய் வழியாகத்தான் போவீர்கள் என்றால் எமிரேட்ஸ் கணக்கும் திறக்கலாம், ஆனால் அந்த மைலுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். யுனைடெட், டெல்டா மைல்கள் காலாவதி ஆவதில்லை. அமெரிக்கனில் 24 மாதம் எதுவும் அசையாமல் கிடந்தால் மொத்தமும் போய்விடும்.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நியூவார்க்கிலிருந்து ஃப்ராங்ஃபர்ட் வழியாகச் சென்னைக்கு ஒரு வழித் தூரம் ஏறக்குறைய 8,500 மைல். போய்வர 17,000. ஆனால் பறந்த தூரம் முழுதும் கணக்கில் ஏறும் என்று நினைக்க வேண்டாம். டிக்கெட்டில் தனியாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அதுதான் கட்டண வகுப்பு. மலிவான வகுப்புகள் சிலவற்றில் கால் பங்குதான் தருவார்கள். 17,000 மைல் பறந்தவருக்கு 4,250 ஏறும். நாலு பேருக்கும் சேர்த்தே 17,000. இந்தியாவுக்கு ஒருவர் ஒரு வழி போகக்கூட இது போதாது.

அப்படியானால் மைல் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி கிரெடிட் கார்டிலிருந்துதான். புதுக் கார்டு எடுத்து, மூன்று மாதத்துக்குள் 4,000 டாலர் செலவு செய்தால் 60,000 பாயிண்ட் (வங்கி தருவது, மைலாக மாற்றிக்கொள்ளலாம்) என்பது போன்ற வரவேற்பு போனஸ் இங்கே சாதாரணம். பறந்து சேர்க்கப் பல வருடம் ஆவதை ஒரு கார்டு மூன்று மாதத்தில் தந்துவிடும். அதற்காக வந்ததும் வராததுமாக விண்ணப்பம் போடாதீர்கள். இங்கே உங்களுக்குக் கடன் வரலாறே, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவே இல்லை, நிராகரித்துவிடுவார்கள். முன்பணம் கட்டி வாங்கும் கார்டிலோ ஆண்டுக் கட்டணம் இல்லாத சாதாரண கார்டிலோ தொடங்கி ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டுங்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இந்தியாவில் உங்களுக்கு இருக்கும் கடன் வரலாற்றைப் பார்த்துக் கார்டு தரும் வசதி வைத்திருக்கிறது, ஊரில் நல்ல ஸ்கோர் இருந்தால் முயன்று பார்க்கலாம். வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்குத் தரும் ஹெச்4 விசாவில் வந்து, சோஷியல் நம்பர் இல்லாத துணைவரை உங்கள் கார்டில் கூடுதல் பயனராகச் சேர்க்கலாம். சேஸ் வங்கிக் கார்டு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கடந்த 24 மாதத்தில் ஐந்து கார்டு திறந்தவர்களை அவர்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூடுதல் பயனராகச் சேர்ந்த கார்டும் அந்த ஐந்தில் அடங்கும். அதனால் கண்ட கடையில் பத்து சதவீதத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுக் கடைக் கார்டுகளை எடுத்துத் தொலைக்காதீர்கள்.

ஒரே விமான நிறுவனத்தின் கார்டைவிட, பல இடங்களுக்கு மாற்றக்கூடிய வங்கிப் பாயிண்ட் தரும் கார்டையே நான் முதலில் எடுக்கச் சொல்வேன். சேஸ் பாயிண்டை யுனைடெட்டுக்கும் மாற்றலாம், பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கும் மாற்றலாம், ஹயாத் ஓட்டலுக்கும் மாற்றலாம். எங்கே இருக்கை இருக்கிறதோ அங்கே அனுப்பலாம். ஆனால் ஒருமுறை மாற்றினால் திரும்ப வராது. இருக்கை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள்.

இதைச் சொல்லாமல் விட மனம் இல்லை: மாதா மாதம் முழுத் தொகையையும் கட்ட முடியும் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். கார்டு வட்டி 20 சதவீதத்துக்கு மேல் போகும். 1,000 டாலர் பாக்கியை ஒரு வருடம் இழுத்தால், சேர்த்த மைலின் மதிப்பில் ஒரு பங்கு வட்டியிலேயே கரைந்துவிடும். போனஸுக்காகத் தேவையில்லாததை வாங்க வேண்டாம். ஆறு மாதக் கார் இன்சூரன்ஸ், சோஃபா, மெத்தை, ஊருக்கு டிக்கெட் என்று எப்படியும் செலவு வரும் மாதமாகப் பார்த்துக் கார்டு எடுங்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் செயலிகளில் கிரெடிட் கார்டைப் போட வேண்டாம். அதை ரொக்கக் கடன் என்று வங்கி எடுத்துக்கொண்டால் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும், பாயிண்டும் கிடைக்காது. தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கும்போது எந்தக் கார்டை நீட்டுகிறோம் என்றும் பாருங்கள். வெளிநாட்டுக் கட்டணமாக 3 சதவீதம் பிடிக்கும் கார்டுகள் நிறைய உண்டு.

சேர்த்ததை எங்கே செலவு செய்வது? அமேசானில் சாமான் வாங்கும்போது ‘பாயிண்டில் கட்டுங்கள்’ என்று காட்டும், அதைத் தொடாதீர்கள். ஒரு பாயிண்டுக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்காது. டிக்கெட்டுக்கு இப்படிக் கணக்குப் பாருங்கள். அதே டிக்கெட் காசுக்கு 1,300 டாலர். மைலில் 80,000, அதோடு வரி 100 டாலர். 1,300இல் 100 போக 1,200. அதை 80,000ஆல் வகுத்தால் மைலுக்கு ஒன்றரை சென்ட், நல்ல மதிப்புதான். ஒரு சென்டுக்குக் கீழே போனால் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள். வரி என்ற பெயரில் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்துவிடும் நிறுவனங்கள் உண்டு. லண்டன் வழியாகப் பிரிட்டிஷ் ஏர்வேஸில் மைல் டிக்கெட் எடுத்தால் நூற்றுக்கணக்கான டாலர் கையிலிருந்து போகும். யுனைடெட்டும் ஏர் கனடாவும் அந்தக் கட்டணத்தை மைல் டிக்கெட்டில் சேர்ப்பதில்லை.

பள்ளி விடுமுறையான ஜூன், ஜூலையிலும் டிசம்பரிலும் மைல் இருக்கை கிடைப்பது கஷ்டம். ஏறக்குறைய 330 நாளுக்கு முன்பே பல நிறுவனங்கள் இருக்கைகளைத் திறக்கின்றன, பொங்கலுக்குப் போக முந்தைய பிப்ரவரி, மார்ச்சிலேயே பார்க்க வேண்டும். சென்னை கிடைக்காவிட்டால் பெங்களூரு பாருங்கள், கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்கு அதுவே சௌகரியம். திருச்சி, மதுரைக்காரர்கள் கொழும்பு வழியையும் தேடிப் பார்க்கலாம். அங்கிருந்து ஸ்ரீலங்கன் விமானம் இரண்டு ஊருக்கும் போகிறது, அமெரிக்கன் மைலிலேயே அதற்கும் இருக்கை எடுக்கலாம். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, இடையில் ஓர் இரவாவது விடுங்கள். பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், விமானம் மாறும் நாட்டில் டிரான்சிட் விசா தேவையா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஓட்டல் பாயிண்டில் எல்லாருக்கும் பெரிய பலன் இருக்காது. கிளையண்ட் இடத்தில் திங்கள் முதல் வியாழன் வரை தங்கி வேலை பார்க்கும் கன்சல்டன்ட்களுக்கு அது பொக்கிஷம். வாடகை கம்பெனி கட்டும், பாயிண்ட் உங்களுக்கு. மாரியட், ஹில்டன், ஹயாத், ஐ.எச்.ஜி. இந்த நாலில் உங்கள் புராஜெக்ட் ஊரில் எது இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆள் தளங்களில் புக் செய்தால் பெரும்பாலும் பாயிண்ட் வராது, ஓட்டலின் சொந்தத் தளத்திலோ கம்பெனி சொல்லும் வழியிலோ எடுத்து உறுப்பினர் எண்ணைச் சேருங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ரெசிடென்ஸ் இன், ஹோம்வுட் ஸ்வீட்ஸ், ஹயாத் ஹவுஸ் மாதிரி சமையலறை உள்ள இடங்கள்தான் சரி. குட்டி ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் எடுத்துப்போனால் ராத்திரி எட்டு மணிக்குச் சைவச் சாப்பாடு தேடி அலைய வேண்டாம். மாரியட்டில் பாயிண்டில் ஐந்து இரவு எடுத்தால் நாலுக்குத்தான் பிடிப்பார்கள். லாஸ் வேகஸ், ஆர்லாண்டோ மாதிரி ஊர்களில் தனியாகக் கேட்கும் ரிசார்ட் கட்டணம், முழுக்கப் பாயிண்டில் தங்கினால் ஹில்டனிலும் ஹயாத்திலும் கிடையாது. சென்னை விமானங்கள் பல நடுராத்திரியில்தான் இறங்கும். பிள்ளைகளோடு அப்போதே கும்பகோணத்துக்குக் கார் பிடிக்காமல், சென்னையிலேயே ஓர் இரவைப் பாயிண்டில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவது எங்களுக்குப் பழகிவிட்டது.

பாயிண்டும் மைலும் வங்கிப் பணம் இல்லை, வட்டி வராது. நேற்று 70,000 கேட்ட டிக்கெட்டுக்கு நாளை 90,000 கேட்பார்கள், பல நேரம் முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் லட்சக்கணக்கில் குவித்து வைக்க வேண்டாம். ஆனால் ஒருவர் ஊருக்குப் போய்ச் சேரும் அளவு மைலை மட்டும் எப்போதும் கையிருப்பில் வையுங்கள். எந்த விடுமுறைக்காகவும் அதைத் தொடாதீர்கள்.

ஒரு மார்ச் மாதம் ராத்திரி இரண்டு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். “அக்கா, அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கோம். நீ கிளம்பி வந்துடு.” மறுநாள் விமானத்துக்குக் காசு டிக்கெட் நாங்கள் வழக்கமாகக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. விற்காத இருக்கைகளைக் கடைசி நாட்களில் மைலுக்குத் திறந்துவிடும் வழக்கம் பல நிறுவனங்களுக்கு உண்டு, அன்று தோஹா வழியாக ஓர் இருக்கை இருந்தது. அப்பாவைக் கண் திறந்திருக்கும்போதே பார்த்தேன், அவர் மீண்டும் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தார். யுனைடெட், அமெரிக்கன், டெல்டா இவற்றில் இங்கிருந்து எடுக்கும் சாதாரண மைல் டிக்கெட்டை விமானம் கிளம்பும் முன் ரத்து செய்தால் மைல் அபராதமில்லாமல் திரும்பிவிடும். நிலைமை தெளிவாகும் வரை காத்திருக்காமல் முதலில் எடுத்து வைத்துவிடலாம், பிறகு யோசிக்கலாம்.

கணக்கு எண்களையும் கடவுச்சொற்களையும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரியப்படுத்தி வையுங்கள். அன்று ராத்திரி என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த இருக்கையைத் தேடி எடுத்தவர் என் கணவர்தான்.