குழந்தையின் தடிப்பும் டேங்கர் தண்ணீரும்

மதுரையிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்த மூன்றாம் மாதம், எங்கள் ஐந்து மாதக் குழந்தைக்கு இடுப்பிலும் தொடை மடிப்பிலும் சிவந்த தடிப்புகள் கிளம்பின. குளியல் சோப்பை மாற்றினோம். தேங்காய் எண்ணெய் தடவினோம். அம்மா தொலைபேசியில் சொன்னபடி பயத்தமாவும் தேய்த்துப் பார்த்தோம். மருத்துவர் தந்த களிம்பில் இரண்டு நாள் அடங்கும், மறுபடி வரும். பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று.

ஒரு நாள் காலை, கொடியிலிருந்து எடுத்த துணி நாப்கின் அப்பளம்போல் விறைத்து நின்றது. முந்தின வாரம் துவைத்ததோ பூப்போல மடிந்தது. வேறுபாடு தண்ணீரில்தான். காவிரி நீர் வராத நாட்களில் எங்கள் குடியிருப்புக்கு டேங்கரில் ஆழ்துளைக் கிணற்று நீர் வரும். அந்தக் கடின நீரில் சோப்பு நுரைக்காது. பிசுக்காகத் திரண்டு நூலிழையிலேயே தங்கிவிடும். நுரை வரவில்லையே என்று நான் மேலும் மேலும் சோப்பைத் தேய்த்திருக்கிறேன்!

இப்போது காவிரி நீர் வரும் நாளில் இரண்டு குடம் தனியாகப் பிடித்துவைக்கிறேன். சோப்பு பாதிதான். கடைசி இரண்டு அலசல் அந்த நீரில். பிழிந்த நீர் தெளிவாக இருக்க வேண்டும், கையில் வழுவழுப்பு ஒட்டக்கூடாது, அதுவரை விடுவதில்லை. நான்காம் நாள் தடிப்பு வற்றியது. அன்றிரவு மூவரும் நிம்மதியாகத் தூங்கினோம்.