எம்.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம்: வேலையை விடும் முன் வாங்கிவிட வேண்டிய ஒரு தாள்

இரவுப் பணியில் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டே, 'நானும் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனால் என்ன?' என்று யோசிக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் 14 மாதம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு எம்.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பித்தேன். அனுபவச் சான்றிதழ் என்ற ஒரே ஒரு தாளால் ஓர் ஆண்டு போயிற்று. அதனால் அந்தத் தாளைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுவேன்.

படி 1: தகுதி. பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மொத்தத்தில் 55 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளோமா மட்டும் முடித்தவர்கள் முதலில் போஸ்ட் பேசிக் இரண்டு ஆண்டுகளைக் கடந்து வர வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

படி 2: பதிவு. நர்ஸ், மிட்வைஃப் இரண்டாகவும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். சான்றிதழில் உங்கள் இனிஷியல் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நம் மாவட்டத்தில் அப்பா பெயர், வீட்டுப் பெயர் என்று இரண்டு இனிஷியல் வைத்துவிட்டு, ஓரிடத்தில் ஒன்றை மட்டும் எழுதும் வழக்கம் நிறைய உண்டு.

படி 3: அனுபவச் சான்றிதழ். இங்கேதான் நான் விழுந்தேன். இந்திய நர்சிங் கவுன்சில் ஓர் ஆண்டுப் பணி அனுபவம் கேட்கிறது. பி.எஸ்சி. படித்தவர்களுக்கு அது படிப்பு முடிந்த பிறகான ஓர் ஆண்டாக இருக்க வேண்டும். படிக்கும்போது வார்டில் நின்ற நாள்கள் கணக்கில் வராது. போஸ்ட் பேசிக் படித்தவர்களுக்கு அந்தப் படிப்புக்கு முன்னோ பின்னோ செய்த பணி போதும்.

நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனை கொடுத்த கடிதத்தில், 'ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் சிறப்பாகப் பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்' என்று எழுதியிருந்தது. படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சேர்ந்த தேதியும் இல்லை, விலகிய தேதியும் இல்லை என்பது விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் உறைத்தது. மறுபடி போனால் கையெழுத்துப் போட்ட நர்சிங் சூப்பிரண்டெண்ட் விலகிப் போயிருந்தார். அலுவலகத்தில் 'நாளை வாங்க' என்றே மூன்று வாரம் ஓடியது. கடைசித் தேதி முடிந்துவிட்டது.

ஆகவே பணியில் இருக்கும்போதே கேளுங்கள். விலகிய பிறகு நீங்கள் யாரோ ஆகிவிடுவீர்கள். மருத்துவமனை லெட்டர்ஹெட்டில், பதிவுச் சான்றிதழில் உள்ள அதே பெயரோடு, பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். இன்னும் பணியில் இருந்தால் 'இன்று வரை பணிபுரிந்து வருகிறார்' என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் வேலை பாதியாகக் குறையும். நியமன ஆணையையும் சம்பளச் சீட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள்.

சான்றிதழ்களைக் கைபேசியில் படம் எடுத்து ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். முத்திரை மங்கிப் போகும். வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ பஸ் ஏறும் வழியில் ஒரு கணினி மையத்தில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

படி 4: பிரிவு. மருத்துவ அறுவைச் சிகிச்சை, சமூக நலம், குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம் என ஐந்து. எதில் வேலை வாய்ப்பு அதிகம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வார்டில் நின்றபோது பக்கத்து மாணவிக்குச் சொல்லிக் கொடுக்க உங்களுக்கு வாய் வந்ததோ, அதையே எடுங்கள் என்பேன். எந்தப் பிரிவானாலும் முதலாண்டில் நர்சிங் கல்வி என்ற பாடம் பொது. ஒரு வகுப்புக்கான பாடத்திட்டம் எழுதி, உண்மையான வகுப்பின் முன் நிற்க வேண்டும். நான் முதல் வகுப்பில் எழுதிவைத்த பத்துப் பக்கத்தையும் அப்படியே வாசித்தேன். கடைசி பெஞ்சில் இருவர் தூங்கிவிட்டார்கள்.

படி 5: இரண்டாம் ஆண்டு ஆய்வேடு. மேற்கோள்களைக் கையால் வரிசைப்படுத்தாதீர்கள். மேற்கோள்களைத் தொகுக்கும் ஸோட்டெரோ மென்பொருள் இலவசம், போதும். கணக்குக்கு எக்செல் போதுமென்பது என் கட்சி. என் வழிகாட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

பின்சேர்க்கை: களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்தில் படித்த மூவர், அங்கே செய்த பதிவை வைத்து இங்கே விண்ணப்பிக்கலாமா என்று ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள். கேரளத்தில் பதிவு செய்திருந்தால், இங்கே விண்ணப்பிக்கும் முன் தமிழ்நாடு கவுன்சிலுக்குப் பதிவை மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். கேரளக் கவுன்சிலிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வர வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கேரளத்திலேயே எம்.எஸ்சி. படிப்பதானால் அதை நடத்தும் கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் திருச்சூரில் இருக்கிறது. விதிகளை அவர்களுடைய கையேட்டில் பாருங்கள், என் பட்டியலை நம்பாதீர்கள்.

நான்காவதாக ஒரு தங்கை, தன் கடிதத்தில் 'விலகிய நாள்' என்ற இடத்தில் ஆண்டு மட்டும் இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டிருந்தார். பரவாயில்லை என்று விட முடியாது. நாளைக் காலையே திரும்பப் போங்கள்.