விலா எலும்பு முறிவுக்குப் பிறகு மூன்று பந்து ஸ்பைரோமீட்டரில் பயிற்சி செய்வது எப்படி?

விலா எலும்புக்கு மாவுக்கட்டு கிடையாது. தானாகக் கூடிவர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். வலிக்குப் பயந்து அதுவரை மேலோட்டமாகவே மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், கடைசியில் நிமோனியா வரலாம். அதைத் தடுக்கத்தான், மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏறும் இந்தக் கருவி. நெஞ்சுக்குள் காற்றுக் கசிவு இருந்ததாகச் சொல்லியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

1. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். வலியோடு இழுத்தால் பாதி மூச்சில் நின்றுவிடும்.

2. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். குழாயைக் கருவியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் இறுக்கிச் செருகுங்கள். பந்து அசையவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். கருவியைக் கண் மட்டத்தில் நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் பந்து சுலபமாக ஏறும், பலன் இருக்காது.

3. மூச்சை வெளியே விட்டுவிட்டு, வாய்க்குழாயை உதடுகளால் இறுகக் கவ்வுங்கள். ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். மூக்கு வழியாகக் காற்று போனால் விரலால் மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம். பல் செட் இருந்தால் மாட்டிக்கொண்டே செய்யுங்கள்.

4. மெதுவாக, நீளமாக இழுங்கள்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்த நாலாவது படியில்தான். வெடுக்கென்று இழுத்து மூன்று பந்தையும் ஏற்றிவிட்டு, தேறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கருவியில் உள்ள 600, 900, 1200 என்ற எண்கள் ஒரு விநாடிக்கு எத்தனை மில்லி காற்று போகிறது என்ற வேகத்தைக் காட்டுபவை, அளவை அல்ல. மூன்று பந்தும் அரை விநாடி துள்ளினால் உள்ளே போனது 600 மில்லிதான். முதல் பந்தை மட்டும் 3 விநாடி மேலே நிறுத்தினால் 1800 மில்லி! அதனால் ஒரு பந்து போதும், அது கீழே விழாமல் இருக்கட்டும்.

5. இழுத்து முடிந்ததும் வாய்க்குழாயை எடுத்துவிட்டு 3 முதல் 5 விநாடி மூச்சைப் பிடித்து, மெல்ல விடுங்கள். பந்து விழுந்துவிடும், விழட்டும்.

விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று சாதாரண மூச்சு விடாமல் அடுத்தடுத்து இழுத்தால் தலை சுற்றும். பத்து முடிந்ததும் மடித்த துண்டையோ தலையணையையோ முறிந்த இடத்தில் அழுத்தி அணைத்துக்கொண்டு இருமிச் சளியை வெளியேற்றுங்கள். நெஞ்சைச் சுற்றி பெல்ட் கட்டாதீர்கள். வலி குறைந்த மாதிரி இருக்கும், நுரையீரல் விரியாது.

கொஞ்சம் கூடச் செலவழிக்க முடியும் என்றால், பிஸ்டன் ஏறும் அளவுக்குழாய் வகையைத்தான் வாங்கச் சொல்வேன். மில்லி கணக்கு நேராகத் தெரியும், தினமும் குறித்து வைக்கலாம். நேற்று 1500 வந்தது இன்று 1000 என்று இறங்கினாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், மஞ்சள் அல்லது ரத்தம் கலந்த சளி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாய்க்குழாயைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். வீட்டில் இன்னொருவருக்குத் தேவைப்பட்டால் புதுக் கருவிதான்.